என் மகளுக்கு முன்பே நான் சொல்லிவிட்ட ஊர்

போன வருடம் ஆனி மாதம் முடிகிற சமயம். காரைக்காலில் மாங்கனித் திருவிழா முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. திருவிழாவில் சாமிக்கு வீசியபோது நாங்கள் பிடித்த மாம்பழங்கள் எங்கள் வீட்டில் இன்னும் மிச்சம் இருந்தன. அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம், முன்பின் தெரியாத இரண்டு பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் வந்ததே ஒரு தப்பான காரணத்துக்காக. ஆனால் அவர்கள் வராமல் போயிருந்தால் என் மகளின் வாழ்க்கையில் நான் பெரிய தவறு ஒன்றைச் செய்திருப்பேன்.

பிள்ளைகளே, நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பத்தாவது வரைதான் படித்தேன். என் வேனில் வருகிற பிள்ளைகள், “அங்கிள், உங்க வீட்டு அக்கா ஏன் பிரான்ஸ் போகல?” என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் வருகிற வரைக்கும் சொன்னாலும் அந்தக் கதை முடிவதில்லை. அதனால்தான் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

எனக்கு ஒரே மகள். உங்களுக்கெல்லாம் அக்கா முறை. இங்கே அரசுக் கல்லூரியில் பட்டப்படிப்பு முடித்தாள். மேலே சர்வதேச உறவுகள் என்கிற படிப்பைப் படிக்க வேண்டும் என்றாள். எனக்கு அது என்னவென்றே விளங்கவில்லை. அவள்தான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் வேலி எங்கே என்று தகராறு வந்தால் பெரியவர்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள் அல்லவா? இரண்டு நாடுகளுக்கு நடுவில் அப்படி வந்தால் யார் பேசுவது, எதை வைத்துப் பேசுவது, பேச்சு முறிந்தால் என்ன செய்வது, அதையெல்லாம் சொல்லித் தருகிற படிப்பு அது. “அப்ப நாட்டாமை வேலையா பாப்பா?” என்று கேட்டேன். “கிட்டத்தட்ட அதுதாம்ப்பா, ஆனா சொம்பு கெடையாது” என்று சிரித்தாள்.

ராப்பகலாகப் படித்து எழுதிப் போட்டதில் இரண்டு இடத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஒன்று டெல்லியில். இன்னொன்று பிரான்ஸ் நாட்டில் ஒரு ஊரில். இரண்டும் இரண்டு வருடப் படிப்பு. இரண்டு இடத்திலும் உதவித்தொகையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். ஆகையால் காசு ஒரு பிரச்சினையாக இல்லை. எது வேண்டும் என்பதை மட்டும் அவள் முடிவு செய்ய வேண்டும். அந்த வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் போட்டாக வேண்டும்.

என் மகள் எதையாவது பலமாக யோசித்தால், கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்து வைப்பாள். பிறகு அதையே பிரித்து மறுபடி மடிப்பாள். அந்த வாரம் எங்கள் வீட்டில் மடிக்காத துணியே இல்லை. டெல்லியில் படிக்கிற ஒரு பெண்ணிடமும் பிரான்ஸில் படிக்கிற ஒரு பையனிடமும் போனில் பேசினாள். யார் பாடம் எடுக்கிறார்கள், படித்தவர்கள் இப்போது என்ன வேலை பார்க்கிறார்கள் என்றெல்லாம் விசாரித்தாள். நானும் அவளிடம் கேட்டேன். பிரான்ஸில் குளிர் எப்படி, அரிசி கிடைக்குமா, டெல்லிக்கு ரயிலில் போனால் எத்தனை ராத்திரி என்று கேட்டேன். நான் கேட்டதெல்லாம் ஊரைப் பற்றித்தான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரைக்கால் முன்னே பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். அவர்கள் போகும்போது சில குடும்பங்கள் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டன. அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் இன்றும் அங்கே இருக்கிறார்கள். லீவுக்கு வருவார்கள், வீட்டுக்கு வெள்ளையடிப்பார்கள், பெரிய கேட்டு போடுவார்கள், போய்விடுவார்கள். எங்கள் ஊரில் ஒருவருக்கு வழி சொல்லும்போதுகூட “பிரான்ஸ்காரர் வீட்டைத் தாண்டி இடது பக்கம்” என்றுதான் சொல்வோம். அங்கே குடியுரிமை உள்ள பையனை ‘நேஷனாலிட்டி மாப்பிள்ளை’ என்பார்கள். அப்படி ஒரு மாப்பிள்ளை கிடைத்தால், அந்தத் தெருவே ஒரு மாதம் அதைப் பேசும்.

அப்படிப்பட்ட ஊரில் பிறந்து வளர்ந்தவன் நான். பிரான்ஸ் என்ற பேரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிடும். இப்போது அந்தப் பேர் என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. என் மகள் இன்னும் முடிவு சொல்லவில்லை என்பது எனக்கு ஞாபகத்தில் இருக்க வேண்டும் அல்லவா? இல்லை.

செவ்வாய்க்கிழமை, வேன் சீட்டு உறை கிழிந்துவிட்டதென்று எங்கள் தெரு முனையில் உள்ள தையல் கடைக்குப் போனேன். பள்ளிக்கூடச் சீருடை தைக்கிற சீசன். கடை நிறையத் தாய்மார்கள். டெய்லர் அண்ணன் ஒரு பாவாடைக்கு அளவெடுத்துக்கொண்டே கேட்டார்.

“பாப்பா காலேஜ் முடிச்சிருச்சே, அடுத்து என்னப்பா?”

“பிரான்ஸ் போறாண்ணே” என்றேன்.

உள்ளே கடைப் பையன் ஓட்டிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. ஒருவர் இடுப்பைச் சுற்றியிருந்த அளவு டேப் அப்படியே நின்றது.

“அடேயப்பா! கமுக்கமா இருந்து காரியத்த முடிச்சிட்டியே! எப்ப?”

“ரெண்டு மாசத்துல” என்றேன். யாரோ ஒரு அம்மா, “அந்தப் பிள்ள மொகத்துக்கு அதெல்லாம் தேடிக்கிட்டு வரும்” என்றார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை. சீட்டு உறையைக் கொடுக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன்.

நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. மகள் வாசலில் நின்றாள்.

“அப்பா, பிரான்ஸுன்னு சொல்லிட்டீங்களா?”

“ஆமாம்மா. நல்ல சேதிதானே, எதுக்கு மறைக்கணும்?”

“ம்” என்றாள். உள்ளே போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். அந்த ‘ம்’மை நான் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். என் மனைவி மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “அவ இன்னும் சொல்லலியேங்க” என்றாள். “சொல்லாம எங்க போவப் போறா” என்றேன்.

மறுநாள் காலையில் வேனில் ஒரு சின்னப் பெண், யு.கே.ஜி. படிக்கிறவள், என் தோளைத் தட்டி, “அங்கிள், அக்காவுக்குக் கல்யாணமா? எங்கம்மா சொன்னாங்க” என்றாள். குழந்தை எதையோ எதோடோ குழப்பிக்கொள்கிறது என்று சிரித்துவிட்டேன். குழப்பிக்கொண்டது குழந்தை இல்லை. எங்கள் ஊரில் ஒரு பெண் பிரான்ஸ் போகிறாள் என்றால், ஊரின் காதில் அது கல்யாணச் சேதி என்றுதான் விழும். அந்த ஊரில் பிறந்த எனக்கே அது அப்போது தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் டெய்லர் அண்ணன் வேனை மறித்தார்.

“பக்கத்து ஊரு பட்டினத்துக்காரங்க, பிரான்ஸ்லேந்து லீவுக்கு வந்திருக்காங்க. பாப்பா விஷயமா ஒங்களப் பார்க்கணுங்கறாங்க. ஒங்க விஷயம் இன்னும் முழுசா முடியலன்னா, அவங்களும் வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போறாங்களாம். ஆடி பொறக்கறதுக்குள்ள பேசிடணுமாம். நாளைக்கு வரச் சொல்லவா?”

பிரான்ஸில் இருக்கிறவர்கள், மகள் படிக்கப் போவதைக் கேள்விப்பட்டு, நாலு நல்ல வார்த்தை சொல்ல வருகிறார்கள் என்று நினைத்தேன். காலேஜ் முடிவுக்கும் ஆடி மாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. பிரயாணத்துக்குப் பார்க்கிறார்கள் போல என்று விட்டுவிட்டேன். “தாராளமா வரச் சொல்லுங்கண்ணே” என்றேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா இறங்கினார்கள். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை, கையில் பெரிய தட்டு. தட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு, நடுவில் ஒரு சாக்லேட் டப்பா. அவர்களுக்குப் பின்னால் இஸ்திரி போட்ட சட்டையோடு முப்பது வயசுப் பையன் ஒருவன். முகத்தில் வெட்கமும் சங்கடமுமாக இருந்தது.

“வாங்க வாங்க” என்று உட்கார வைத்தேன். என் மனைவி தட்டைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “ஒரு நிமிஷம் இங்க வாங்க” என்று என்னை அடுப்பங்கரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“இது என்னன்னு தெரியுதா?”

“மொத மொத வீட்டுக்கு வர்றவங்க, பழம் கொண்டாந்திருக்காங்க.”

“பழமும் இல்ல புண்ணாக்கும் இல்ல. பொண்ணு பார்க்க வந்திருக்காங்க!”

எனக்கு அப்போதுதான் எல்லாம் வரிசையாகப் புரிந்தது. கடையில் மெஷின் நின்றது, அங்கே ஒரு அம்மா சொன்னது, வேனில் குழந்தை கேட்டது, டெய்லர் அண்ணன் சொன்ன ஆடி. ஒரு குடும்பத்தைத் தட்டோடு வரவழைத்துவிட்டு, எங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்று எப்படிச் சொல்வது? அது எவ்வளவு பெரிய அவமானம் என்று எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். தெருவே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

நான் கூடத்துக்குத் திரும்புவதற்குள் மகள் வந்துவிட்டாள். சாதாரண சுடிதார், காதில் பேனா. மாம்பழம் நறுக்கின தட்டைக் கொண்டுவந்து வைத்து, “வாங்க ஆன்ட்டி, வாங்க அண்ணா” என்றாள். ‘அண்ணா’ என்றதும் அந்த அம்மாவின் முகம் மாறியது.

நான் கையைக் கூப்பினேன். “அம்மா, மன்னிச்சிடுங்க. தப்பு என்னோடது. என் மக பிரான்ஸ் போறான்னு நான் சொன்னது படிக்கறதுக்கு. ஊரு வேற மாதிரி எடுத்துக்கிச்சு. நீங்க எதுக்கு வர்றீங்கன்னு எனக்கு இப்பதாம்மா தெரியும்.”

அந்த அம்மா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போய்விடுவார்கள் என்று நினைத்தேன். அந்தப் பையன்தான் முதலில் சிரித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“நான் அப்பவே சொன்னேன்லம்மா, ஒரு வார்த்த விசாரிச்சுட்டுப் போவம்னு!” என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, “உங்கள மாமான்னு கூப்புடணும்னு கார்ல வர்றப்ப அம்மா மூணு தரம் சொல்லிக் குடுத்தாங்க. இனிமே அண்ணேன்னு கூப்பிட்டுக்கலாமா?” என்றான்.

“சிரிக்காதடா, வெக்கமா இருக்கு எனக்கு” என்று அவனை அடக்கிய அந்த அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, “ஏன் தம்பி, நம்ம ஊர்ல பொண்ணு பிரான்ஸ் போறான்னா வேற என்னத்த நெனைப்பாங்க? நானும் அப்புடிப் போனவதானே!”

என் மனைவி டக்கென்று, “வந்தது வந்துட்டீங்க, மாம்பழமாவது சாப்பிட்டுப் போங்க அக்கா” என்றாள். அவர்கள் சாப்பிட உட்கார்ந்தார்கள். அந்த இடத்தில் எழுந்து போகாமல் உட்கார்ந்தார்களே, அதுதான் எனக்கு அவர்கள் செய்த முதல் உதவி.

பையன் அங்கே டவுன் பஸ் ஓட்டுகிறானாம். என் வேனைப் பற்றிக் கேட்டான், நான் அவன் பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். இரண்டு டிரைவர்கள் பேசினால் எப்படி இருக்குமோ அப்படிப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் அவன் என் மகளைப் பார்த்து, “என்னம்மா படிக்கப் போற?” என்று கேட்டான். அவள் படிப்பின் பேரைச் சொன்னாள்.

“அது பேரு. அதுல ஒனக்கு என்ன தெரிஞ்சுக்கணும்?”

என் மகள் காதிலிருந்த பேனாவைக் கையில் எடுத்தாள். எங்கள் எல்லாரையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு பேசினாள்.

“ப்ளஸ் ஒன் படிக்கறப்ப என்கூட ஒருத்தி படிச்சா, கருக்களாச்சேரிக்காரி. அவங்கப்பா கடலுக்குப் போனவரு, எல்லையத் தாண்டிட்டாருன்னு அந்தப் பக்கம் பிடிச்சு வெச்சுட்டாங்க. ரொம்ப நாள் கழிச்சு அவர் வந்துட்டாரு, படகு வரல. ஒரு நாள் கிளாஸ்ல அவ என்கிட்ட கேட்டா, ‘கடல்ல கோடு எங்கடி இருக்கு? எங்கப்பா பார்த்ததே இல்லங்கறாரு’ன்னு. எனக்குச் சொல்லத் தெரியல. டீச்சர்கிட்ட கேட்டேன், மேப்ல காட்டினாங்க. ஆனா அந்தக் கோட்ட யார் போட்டா, போடறப்ப கரையில இருக்கறவங்கள யாராவது கேட்டாங்களா, ரெண்டு நாடும் திரும்ப உக்காந்து பேச முடியுமா, முடியும்னா எப்புடி... இதெல்லாம் தெரிஞ்சுக்கணும். அதுக்குத்தான் படிக்கறேன்.”

பிள்ளைகளே, அந்தத் தோழியை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறாள். அவள் அப்பா திரும்பி வந்த சேதியும் தெரியும். ஆனால் அவள் கேட்ட ஒரு கேள்வியை என் மகள் இத்தனை வருடமாக மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. பெண் பார்க்க வந்த ஒருவன் கேட்டுத்தான் அது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

“பிரான்ஸ்ல அத சொல்லித் தர்றாங்களா?” என்று அவன் கேட்டான்.

“நல்ல படிப்புண்ணா அது. ஐரோப்பாவுல நாட்டுக்கு நாடு எல்லைக் கதவெல்லாம் எப்புடித் தொறந்துச்சுன்னு விவரமா வருது. ஆனா கடல் எல்லைக்கு ஒரே ஒரு பாடம்தான். டெல்லியில அதுலயே வேல செய்யற மேடம் இருக்காங்க. ரெண்டாவது வருஷம் பிள்ளைங்களக் கரையோர ஊருக்கெல்லாம் கூட்டிட்டுப் போய் மீனவங்ககிட்டயே பேச வைக்கறாங்க. அங்க படிக்கற அக்கா சொன்னாங்க, போன வருஷம் அவங்க...”

சொல்லிக்கொண்டே போனாள். பிரான்ஸைப் பற்றிச் சொல்லும்போது பாடம் ஒப்பிப்பதுபோல் இருந்தது. டெல்லியைப் பற்றிச் சொல்லும்போது கை ஆடியது, முகம் மலர்ந்தது, குரல் உயர்ந்தது. இதைப் புரிந்துகொள்ளப் பத்தாவதுகூட வேண்டாம்.

“அப்பறம் ஏம்மா பிரான்ஸுக்குப் போற?” என்றார்கள் அந்த அம்மா.

என் மகளின் கை ஆடுவது நின்றது.

“அப்பா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க ஆன்ட்டி” என்றாள்.

அவள் குற்றம் சொல்லவில்லை. வெளியே மழை பெய்கிறது, குடை எடுத்துக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரிதான் சொன்னாள். அப்பா சொல்லிவிட்டார், ஆகவே போக வேண்டும். என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

என் மனைவி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அந்த அம்மா என்னைப் பார்க்காமல், மாம்பழக் கொட்டையைத் தட்டின் ஓரத்தில் மெதுவாக வைத்தார்கள்.

“எங்கப்பாவும் அப்புடித்தான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்தாரு. அப்ப எனக்குப் பத்தொம்பது வயசு. அங்க நல்லாத்தான் இருந்தேன், கொற சொல்லல. ஆனா என்னைய ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றார்கள்.

அதோடு எழுந்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, கொண்டுவந்த தட்டை எடுத்து என் மகளின் கையில் கொடுத்தார்கள். “இதத் திரும்ப எடுத்துட்டுப் போவக் கூடாது. படிக்கப் போற பிள்ளைக்குக் கொண்டாந்தேன்னு வெச்சுக்க” என்று தலையைத் தொட்டார்கள். பிறகு என்னிடம், “தம்பி, அந்தத் தையல் கடை தொறந்திருக்குமா?” என்றார்கள்.

“தொறந்திருக்கும்மா. எதுக்கும்மா?”

“வாங்க, சொல்றேன்.”

பட்டுப்புடவையோடு தெருவில் விறுவிறுவென்று நடந்தார்கள். மகனும் நானும் பின்னாலேயே ஓடினோம். கடையில் அன்றைக்கும் கூட்டம். அந்த அம்மா படியில் ஏறி நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி டெய்லர் அண்ணனிடம் சொன்னார்கள்.

“நீங்க சொன்ன வீட்டுக்குப் போயிட்டு வந்தோம். தங்கமான குடும்பம். அந்தப் பிள்ள மேப்படிப்புக்குப் போறா. பிரான்ஸ் வேணாம், டெல்லிக்குப் போன்னு நான்தான் சொல்லிட்டு வர்றேன். முப்பது வருஷமா அங்க இருக்கறவளுக்குத் தெரியாதா, எது எங்க நல்லாருக்குன்னு? அவங்கப்பா பாவம், பிரான்ஸுன்னுதான் ஒத்தக் கால்ல நின்னாரு.”

நான் அசந்துபோய் நின்றேன். எங்கள் ஊரில் பிரான்ஸ் வேண்டாம் என்று நான் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இடம் கிடைக்கவில்லை, கதை கட்டுகிறான் என்பார்கள். பிரான்ஸ்காரரே சொன்னால் மறு பேச்சு கிடையாது. அதைத் தெரிந்துதான் அந்த அம்மா வந்திருக்கிறார்கள்.

ஆனால் கூட்டத்தில் ஒரு பெண் விடவில்லை. “அப்ப பொண்ணு பார்க்கப் போனீங்களே, அது என்னாச்சு?” என்றாள்.

“அந்தப் பிள்ளைக்குப் படிப்பு இருக்கு. எம் மவனுக்குக் குடுத்து வைக்கல, அவ்வளவுதான்” என்றார்கள் அந்த அம்மா, சிரித்துக்கொண்டே.

“நேஷனாலிட்டி மாப்பிள்ளையவே வேணான்னுட்டாங்களா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் வாயை மூடிச் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்தான். ஆனால் அவன் பார்வை தரையில் இருந்தது. காது சிவந்திருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் தலையில் விழ வேண்டிய சிரிப்பைத் தன் மகன் தலையில் வாங்கிக்கொள்ள அந்த அம்மா துணிந்து வந்திருக்கிறார்கள். நான் யார் அவர்களுக்கு? ஒரு மணி நேரத்துக்கு முன்னால் முகம்கூடத் தெரியாது. பெண் இருக்கிறாள் என்று வரவழைத்து ஏமாற்றியவன், அவ்வளவுதான்.

அதற்கு மேல் என்னால் சும்மா நிற்க முடியவில்லை.

“அண்ணே, அவங்க சொல்றது எனக்காகச் சொல்றது” என்றேன். “அவங்க யாரும் வேணாங்கல, நாங்களும் அந்தத் தம்பிய வேணாங்கல. அவங்கள வரவழைச்சதே என் தப்பு. என் மகளக் கேக்காம நானா பிரான்ஸுன்னு சொல்லிட்டேன். அவ டெல்லிக்குப் போவணும்னு நெனைக்கறா. அங்கதான் அவளுக்கு வேண்டிய படிப்பு இருக்கு. டெல்லிக்குத்தான் போவப் போறா.”

டெய்லர் அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி என்னைப் பார்த்தார்.

“அடப் பாவி! ஏர்போர்ட்டுக்குப் போறப்ப போட்டுக்கட்டும்னு ஒனக்குக் கோட்டு தைக்கத் துணியே பார்த்து வெச்சேனே!”

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தப் பையன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான். டெய்லர் அண்ணன் ஒரு சட்டைக்குக் கடைசிப் பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். அதைத் தைத்து முடித்து நூலைக் கடிப்பதற்குள் ஒரு தாய், “என் பையன் டவுசர் எப்பண்ணே தருவீங்க, நாளைக்கு ஸ்கூலு” என்று கேட்க, பேச்சு அங்கே போய்விட்டது. அவ்வளவுதான். முடிந்துபோயிற்று.

வெளியே வந்ததும் அந்த அம்மா என்னைக் கோபித்துக்கொண்டார்கள். “நான் பார்த்துக்கிட்டிருந்தேனே, ஏன் தம்பி நடுவுல பூந்தீங்க?” என்றார்கள். ஆனால் அவர்கள் முகத்தில் கோபம் இல்லை. பையன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, “பஸ்ஸு ஓட்றது நான்தான், ஆனா பெரிய வண்டி ஓட்ற ஆளுண்ணே நீங்க” என்றான். கார் ஏறிப் போனார்கள். அந்த ஆவணியிலேயே அந்தப் பையனுக்கு வேறு இடத்தில் நல்லபடியாக முடிந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவர்களை மறுபடி பார்க்கிற வாய்ப்பு எனக்கு இன்னும் வரவில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம், “டெல்லின்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்றேன். சொன்ன பிறகுதான், மறுபடியும் அவளைக் கேட்காமல் நானே சொல்லிவிட்டேன் என்பது தோன்றியது. “ஒனக்குச் சரிதானேம்மா? இல்லன்னா இப்பவே போய் மாத்திச் சொல்லிட்டு வர்றேன்” என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீரும் வந்தது. “போதும்ப்பா, டெய்லர் பெரியப்பா பாவம்” என்றாள். மறுநாள் வெள்ளிக்கிழமை காலையில், நான் வேன் எடுப்பதற்கு முன்னால், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இரண்டு இடத்துக்கும் அவளே பதில் அனுப்பினாள். பிரான்ஸுக்கு நன்றி சொல்லி, வர இயலவில்லை என்று எழுதினாள். அதை எனக்குத் தமிழில் படித்தும் காட்டினாள்.

இப்போது டெல்லியில் படிக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். என்ன சாப்பிட்டாய் என்று அவள் அம்மா கேட்பாள். இந்த வாரம் என்ன பாடம் நடந்தது என்று நான் கேட்பேன். அவள் சொல்வதில் பாதிதான் எனக்குப் புரியும். ஆனாலும் குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்பேன்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு நாள் இந்தப் பாதையா அந்தப் பாதையா என்று நிற்க வேண்டி வரும். ஊரில் எல்லாரும் எங்கே போகிறாய் என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்காவிட்டாலும், எதற்குப் போகிறோம் என்று உங்களையே நீங்கள் கேட்டுக்கொள்ளுங்கள். கேட்டுக்கொண்டதை உங்கள் அப்பா அம்மாவிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். என்னைப் போன்ற அப்பாக்களுக்குத் தானாகப் புரியாது.

நான் எந்தச் சிரிப்புக்குப் பயந்திருப்பேனோ, அந்தச் சிரிப்பு ஒரு பித்தான் தைக்கிற நேரம்கூட நீடிக்கவில்லை. அது என்மேல் விழக் கூடாது என்று என் மகள் தன் இரண்டு வருடங்களைச் சத்தமில்லாமல் கொடுத்துவிட இருந்தாள் என்பதை நினைக்கும்போது, வேன் ஓட்டிக்கொண்டிருந்தாலும் ஓரமாக ஒரு நிமிடம் நிறுத்தி, மூச்சு விட்டுக்கொண்டுதான் மறுபடி எடுக்க முடிகிறது.